மதுக்கடை ஆய்வுக்குப் போன இடத்தில் போதைப்பொருள் கிடைத்தால்?

சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அமெரிக்க மாநிலங்களின் மதுக் கட்டுப்பாடு பற்றி வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1933இல் அமெரிக்க அரசியலமைப்பின் 21வது திருத்தம் மதுவிலக்கை நீக்கியது, மது விற்பனை மாநிலங்களின் கைக்குப் போனது, சரி. வட கரோலினாவில் உரிமம் தரும் ஆணையம் தனி, மதுச் சட்ட அமலாக்கப் பிரிவு தனி. ஆனால் அந்த அமலாக்கப் பிரிவினரே போதைப்பொருள் வழக்கும் போடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் குழப்பம்.

1970இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கொலொனேட் வழக்கைப் படித்தேன். அது மத்திய அதிகாரிகள் மதுக் கிடங்கின் பூட்டை உடைத்த கதை. வாரன்ட் இல்லாமல் ஆய்வு செய்யச் சட்டம் அனுமதிக்கலாம், ஆனால் மறுப்பவருக்கு அபராதம்தான், பூட்டை உடைக்கக் கூடாது என்றது தீர்ப்பு. அப்படியானால், உரிமையாளர் தானாகவே கதவைத் திறந்துவிட்டு, உள்ளே கஞ்சா கண்ணில் பட்டால்? அது சாட்சியமாக நிற்குமா? மாநில நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். செய்தித்தாள் துண்டு வேண்டாம், பேராசிரியர் ஏற்கமாட்டார்.