ஸ்டெல்லேரியத்தை டெர்மினலில் ஓட்டுவது: சாளரம் திறக்கிறதா, இல்லையா?

திருவாதிரை:
"ஸ்டெல்லேரியம் மவுஸ் பிடிக்கிறவர்களுக்கான பொம்மை, டெர்மினலிலிருந்து அதை ஓட்டவே முடியாது" என்று நேற்று முனையன் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கணினியில் வானத்தைக் காட்டும் இந்தச் செயலியை நான் தினமும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையிலிருந்துதான் ஓட்டுகிறேன். தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், பார்வைப் புலம் எல்லாவற்றுக்கும் கட்டளையோடு சேர்த்துத் தட்டத் தனித்தனி ஆப்ஷன் உண்டு. ஹோம்-பிளானட் என்பதில் செவ்வாயைக் கொடுத்தால் செவ்வாயில் நின்றே வானத்தைப் பார்க்கலாம். செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய ஸ்டார்ட்அப்-ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மவுஸைத் தொடவே வேண்டாம். உதவிப் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் தீர்ப்பு எழுதுவது என்ன பழக்கம்?

முனையன்:
புரட்டிவிட்டுத்தான் எழுதினேன். கேள்வி ஒன்றுதான். கமாண்டைத் தட்டி என்டர் அழுத்தியதும் சாளரம் திறக்கிறதா இல்லையா? திறக்கிறது. அப்புறம் என்ன டெர்மினல்? ஐகானைச் சொடுக்குவதற்குப் பதில் பெயரைத் தட்டுகிறீர்கள், அவ்வளவுதான். இன்னொரு வானச் செயலியான கேஸ்டார்ஸைப் பாருங்கள். டம்ப் என்ற ஆப்ஷனோடு அகலம், உயரம், கோப்பின் பெயர், தேதி கொடுத்தால், சாளரமே திறக்காமல் வானத்தைப் படமாக எழுதி வைத்துவிட்டு வெளியேறும். அளவு சொல்லாவிட்டால் 640-க்கு 480 பிக்சல். டெர்மினலில் ஓட்டுவது என்றால் அதுதான்.

திருவாதிரை:
தம்பி, படம்தான் வேண்டுமென்றால் ஸ்டெல்லேரியமும் தரும். என் ஸ்கிரிப்ட் இவ்வளவுதான்: தேதியை வை, சந்திரனைத் தேர்ந்தெடு, அதைப் பின்தொடர், பார்வைப் புலத்தை ஒரு பாகைக்குக் குறுக்கு, மூன்று விநாடி காத்திரு, ஸ்கிரீன்ஷாட் எடு, வெளியேறு. அந்தக் "காத்திரு" வரியை விட்டால், பெரிதாக்கும் அசைவு முடியும் முன்பே படம் எடுத்துவிடும். சந்திரன் பொட்டு மாதிரி வரும். இதை ஒரு சுழற்சிக்குள் போட்டு, ஒரு மாதப் பிறைகளை 30 படங்களாக எடுத்து வைத்திருக்கிறேன். மவுஸ் பக்கமே கை போகவில்லை.

முனையன்:
அந்த 30 படமும் எடுத்தபோது சாளரம் திறந்திருந்ததா, இல்லையா? "ஆம்" என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. அப்புறம், என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்கள் வயதும் எனக்குத் தெரியாது, என் வயதும் உங்களுக்குத் தெரியாது.

ரோகிணி:
திருவாதிரை அண்ணா, எனக்குத் தீர்க்கரேகையே போக மாட்டேன் என்கிறது. பாகைக்கு டி எழுதி, அதன் அறுபதில் ஒரு பங்கான கலைக்கு ஒற்றை மேற்கோள் குறி போட்டு என்டர் அழுத்தினால், ஸ்டெல்லேரியம் வருவதே இல்லை. டெர்மினலில் ஒரு அம்புக்குறி மட்டும் வந்து நிற்கிறது. எதைத் தட்டினாலும் அதே அம்புக்குறி.

திருவாதிரை:
அது ஷெல், அதாவது டெர்மினலில் நீ தட்டுவதைப் படித்து நிறைவேற்றும் நிரல், செய்கிற வேலை அம்மா. கலைக்குப் போட்ட குறியை மேற்கோளின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, மூடுகிற குறிக்காகக் காத்திருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வந்து, முழு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துக் கொடுத்துப் பார். கலையின் அறுபதில் ஒரு பங்கான விகலைக்கும் இரட்டைக் குறிதான் என்பதால் அதற்கு முன்னால் பின்சாய்வுக்கோடு போட மறக்காதே.

முனையன்:
பார்த்தீர்களா? ஓர் ஊரின் இடத்தைச் சொல்லவே இத்தனை குறி. இதில் "முழுவதும் டெர்மினலிலேயே ஓட்டுகிறேன்" என்ற பெருமை வேறு. அதோடு, முழுத்திரைக்கு "நோ" என்று ஒருமுறை கொடுத்தால் அது, அமைப்புகளைச் சேமிக்கும் கான்ஃபிக் கோப்பில் பதிந்துவிடும். மறுநாள் ஐகானைச் சொடுக்கினாலும் சின்னச் சாளரம்தான் வரும். போன மாதம் இதே திருவாதிரை சொன்ன கமாண்டை அப்படியே நகலெடுத்து ஓட்டி, அரை நாள் இதைத் தேடினேன். அப்போது ஒரு எச்சரிக்கை சொல்ல அவருக்கு நேரமில்லை.

திருவாதிரை:
தனி கான்ஃபிக் கோப்பைக் காட்டி ஓட்டுங்கள் என்று அந்தப் பதிலின் கடைசி வரியிலேயே எழுதியிருந்தேன். கடைசி வரி வரை படிக்காதது என் குற்றமா?

வால்வெள்ளி:
சாளரத்தை விடுங்கள். தேதி ஆப்ஷன் கேட்பது வருடம், மாதம், நாள் என எட்டு இலக்கம். மைனஸ் குறிக்கு அதில் இடமே இல்லை. கிமு 585 மே 28 சூரிய கிரகணத்தை, கிரேக்க அறிஞர் தேலீஸ் முன்கூட்டியே சொன்னதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய அந்தக் கிரகணத்தை, கமாண்ட் வழியாக எப்படிக் கேட்பீர்கள்? ஸ்கிரிப்ட்டில்தான் மைனஸ் 584 என்று கொடுக்க முடியும்.

முனையன்:
585-க்கு மைனஸ் 585 அல்லவா வரவேண்டும்? கணக்கே தெரியாதவர்கள் கிரகணம் பேசுகிறார்கள்.

வால்வெள்ளி:
வானியல் கணக்கில் பூஜ்ஜியம் என்று ஒரு வருடம் உண்டு. கிமு 1 என்பது 0, கிமு 2 என்பது மைனஸ் 1. அப்படியே பின்னால் போனால் கிமு 585 மைனஸ் 584-இல் வந்து நிற்கும். மைனஸ் 585 என்று கொடுத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கிரகணம் வராது. கணக்கு யாருக்குத் தெரியாது என்பதை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முனையன்:
பூஜ்ஜிய வருடம் இருக்கட்டும், போகட்டும். அதற்கும் சாளரத்துக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றாதீர்கள். திறக்கிறதா, இல்லையா?

திருவாதிரை:
சரி, கேளுங்கள். திரையே இல்லாத சர்வரில் எக்ஸ்விஎஃப்பி-யை வைத்து ஓட்டுகிறேன். நினைவகத்துக்குள்ளேயே அது ஒரு பொய்த்திரையை உருவாக்கிக் கொடுக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் மெசா நூலகம் பிராசஸரை வைத்தே ஓபன்ஜிஎல் என்ற வரைகலை முறையில் படத்தை வரைந்துவிடும். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். எந்தக் கண்ணுக்கு எந்தச் சாளரம் தெரிந்தது? அதுவும் போதாதென்றால் ரிமோட் கண்ட்ரோல் செருகுநிரலை இயக்கிவிடுங்கள். 8090 என்ற இணைப்பு எண்ணில் (போர்ட்) காத்திருக்கும். டெர்மினலிலிருந்து வலைக் கோரிக்கை அனுப்பும் கர்ல் வழியாக நேரத்தை மாற்றலாம், நிலவரம் கேட்கலாம்.

முனையன்:
நினைவகத்தில் திறந்தாலும் சாளரம் சாளரம்தான். பொய்த்திரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 8090 பதில் சொல்வதற்கும் பின்னால் அந்தச் சாளரம் திறந்திருக்க வேண்டும்.

திருவாதிரை:
உங்கள் கேஸ்டார்ஸும் சாளரம் வரையும் க்யூடி நூலகத்தில் எழுதிய செயலிதான். திரையில்லாத சர்வரில் அதை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். திரையோடு இணைய முடியவில்லை என்று சொல்லிவிட்டு நிற்கும்.

முனையன்:
நின்றாலும் சாளரம் திறக்காமல்தானே நிற்கிறது.

ரோகிணி:
அண்ணா, இரட்டை மேற்கோள் போட்டதும் வந்துவிட்டது! ஆனால் முழுத்திரையை எடுத்துக்கொண்டு டெர்மினலை மறைத்துவிட்டது. முழுத்திரைக்கு "நோ" கொடுத்தால் அது கோப்பில் பதிந்துவிடுமா?

முனையன்:
பதிந்துவிடும். மேலே நான்தான் சொன்னேன், அவர் இல்லை.

திருவாதிரை:
முதலில் தனி கான்ஃபிக் கோப்பு, அப்புறம் "நோ". இதைப் போன மாதமே எழுதிவிட்டேன். இன்று இரவு அந்தச் சர்வரில் வியாழனின் நிலவுகளை மணிக்கு ஒரு படமாக ஓட்டப் போகிறேன். காலையில் 12 படத்தையும் இங்கே போடுகிறேன், அதில் சாளரத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

முனையன்:
எக்ஸ்விஎஃப்பி-யை நிறுத்திவிட்டு எடுத்த படத்தைப் போடுங்கள்.