ஜாஸில் வயலின் ஏன் இவ்வளவு அரிது?

வில்லாளி: ஜாஸ் என்றாலே ட்ரம்பெட், சாக்ஸபோன்தான். பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் க்ராப்பெல்லியைத் தவிர வயலினில் வேறு யாரைக் கேட்கலாம்?

பழைய ரெக்கார்டு: முதல் சிக்கல் சத்தம்தான். பித்தளைக் கருவிகளும் டிரம்ஸும் முழங்கும் இடத்தில் மைக் இல்லாத வயலின் எங்கே காதில் விழும்? 1934-ல் பாரிஸில் க்ராப்பெல்லியும் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் தொடங்கிய குழுவைப் பாருங்கள், மூன்று கிதார், ஒரு பாஸ், ஒரு வயலின், டிரம்ஸே கிடையாது. அவர்களுக்கு முன்னாடியே அமெரிக்காவில் ஜோ வெனூட்டி. வில்லின் முடியை ஒரு முனையில் கழற்றி, குச்சியை வயலினுக்கு அடியில் விட்டு, முடியைத் தந்திகளுக்கு மேலே சுற்றிப் பிடித்து நான்கையும் ஒரே இழுப்பில் ஒலிக்க விடுவார், கிட்டத்தட்ட ஆர்மோனியம் மாதிரி இருக்கும்.

தாளக்கட்டு: ஸ்டஃப் ஸ்மித்தை விட்டுவிட்டீர்களே! 1930-களிலேயே வயலினுக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டியவர். முரட்டு வாசிப்பு, எனக்கு க்ராப்பெல்லியைவிட இவர்தான். இப்போது என்றால் ரெஜினா கார்ட்டர், 2001-ல் இத்தாலியின் ஜெனோவாவில், அந்தக்கால வயலின் மேதை பகானினியின் வயலினிலேயே ஜாஸ் வாசித்தவர். அப்புறம் நம்ம எல். சுப்பிரமணியம் க்ராப்பெல்லியோடு சேர்ந்து ஓர் ஆல்பமே போட்டிருக்கிறார்.

வில்லாளி: சரி, இன்று ராத்திரி வெனூட்டியில் ஆரம்பிக்கிறேன்.