செலவுப் பகிர்வுச் செயலி: கணக்கு சரியாக இருந்தும் பயனர்கள் திறக்கத் தயங்குவது ஏன்?

கேள்வி

வணக்கம். நண்பர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவர்களும் பொதுச் செலவுகளைப் பதிந்து பிரித்துக்கொள்ள உதவும் செயலி ஒன்றை மறுவடிவமைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். கணக்கில் குறை ஏதும் இல்லை. சமமாகவோ விழுக்காட்டின்படியோ பங்கு பிரித்துக்கொள்ளலாம். ஆனாலும் பயனர்களிடம் பேசும்போதெல்லாம் இரண்டு சங்கடங்கள் திரும்பத் திரும்ப வெளிப்படுகின்றன. பணம் வர வேண்டியவர், சிறு தொகையைக் கேட்டால் தன்னைக் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூசுகிறார். தர வேண்டியவரோ, முகப்பில் சிவப்பு நிறத்தில் நிற்கும் தொகையைப் பார்க்க மனமில்லாமல் செயலியைத் திறப்பதையே தவிர்க்கிறார்.

எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் வகுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, சொந்த விருப்பத்தின்படி நடத்தல், செய்வதைத் திறம்படச் செய்தல், பிறரோடு பிணைந்திருத்தல் ஆகிய மூன்றையும் மனிதரின் அடிப்படை உளத் தேவைகளாகக் கொள்கிறது. இதை அடிப்படையாக வைத்துத் திரைகளை மாற்ற விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? உடனே செலுத்துவோருக்குப் புள்ளிகள், தாமதிப்போருக்குச் சிறு கட்டணம் என்ற யோசனைகளையும் எங்கள் குழுவில் சிலர் முன்வைக்கிறார்கள். அவை பொருந்துமா?

மறுமொழி 1

மூன்றாவது தேவையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பயனர்கள் செயலிக்கு வருவதற்கு முன்பே ஓர் உறவில் இருப்பவர்கள். அந்த உறவின் வகையை அறியாமல் செயலி பேசும்போதுதான் கூச்சம் பிறக்கிறது. மார்கரெட் கிளார்க்கும் ஜட்சன் மில்ஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் உதவும். ஈட்டுக்கு ஈடு என்ற பரிமாற்ற உறவை எதிர்பார்ப்பவர்களுக்கு, செய்த உதவிக்கு உடனே கைம்மாறு கிடைப்பது பிடித்திருக்கிறது. நெருக்கமான உறவை எதிர்பார்ப்பவர்களிடம் அதே கைம்மாறு மற்றவர் மீதான விருப்பத்தைக் குறைக்கிறது. பெரும்பாலான செயலிகள் எல்லாக் குழுக்களையும் முதல் வகையாகவே நடத்துகின்றன. ஒரு வாரப் பயணத்துக்குச் சேர்ந்த அறிமுகமானவர்களுக்கு அது பொருந்தும். பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழும் இருவருக்கு அதே திரை அந்நியமாகத் தெரியும்.

ஆகவே குழுவைத் தொடங்கும்போதே, 'நீங்கள் எப்படித் தீர்த்துக்கொள்வீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் உடனே தீர்ப்பது, மாத இறுதியில் மொத்தமாகத் தீர்ப்பது, முறை வைத்து ஆளுக்கொரு தடவை செலவிடுவது, தீர்க்காமல் பதிவு மட்டும் வைத்துக்கொள்வது ஆகிய நான்கும் நடைமுறையில் உள்ளவைதாம்.

நினைவூட்டலைத் தனி மனிதரின் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நாளில், தர வேண்டியவர், பெற வேண்டியவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் ஒரே அறிவிப்பு செல்லட்டும். அப்போது கேட்பவர் என்று எவரும் இல்லை. தர வேண்டியவருக்கு, 'இந்தத் தேதிக்குள் தருகிறேன்', 'இரண்டு தவணையாகத் தருகிறேன்' என்று தாமே சொல்லும் வாய்ப்பும் இருக்கட்டும். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: நிறத்தை மாற்றினால் பார்வைக்கு இதமாக இருக்கும், ஆனால் தன் நிலையைத் தானே சொல்ல முடிந்த மனிதருக்குத்தான் ஒளிந்துகொள்ளும் தேவை இருக்காது.

வருமானத்துக்கேற்பப் பகிர விரும்புவோரிடம் வருமானத்தைக் கேட்காதீர்கள், விகிதம் போதும். மூன்றுக்கு இரண்டு என்று பதிந்தாலே 60, 40 விழுக்காடு என்று பங்கு பிரிந்துவிடும், ஊதியம் எவ்வளவு என்பது அவரவரிடமே இருக்கும்.

மறுமொழி 2

நிரலாக்கப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். பல செயலிகளில் பாக்கிகளைச் சுருக்கும் வசதி உள்ளது. அ என்பவர் ஆவுக்கு 300 தர வேண்டும், ஆ இக்கு 300 தர வேண்டும் என்றால், அ நேரடியாக இக்குக் கொடுத்தால் போதும் என்று அது சொல்லும். ஆறு பேர் கொண்ட குழுவில் 15 இணைகள் உண்டு. ஒவ்வொருவரின் நிகரத் தொகையை மட்டும் கணக்கிட்டால் ஐந்து பணமாற்றங்களுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. கணித நோக்கில் இது அழகான வசதி. ஆனால் அ இதுவரை இயிடம் எதுவும் வாங்கியதில்லை. 'இவருக்கு நான் ஏன் தர வேண்டும்?' என்ற கேள்விக்குத் திரையில் விடை இல்லையென்றால், தன் கணக்கே தனக்குப் புரியாதவராக அவர் ஆகிவிடுகிறார். கோட்பாடு சொல்லும் திறனுணர்வு அடிபடும் இடம் இதுதான். சுருக்கத்தைக் குழுவின் ஒப்புதலோடு மட்டும் இயக்குங்கள். ஒவ்வொரு தொகையையும் தொட்டால் அது எந்தச் செலவுகளிலிருந்து எப்படி வந்தது என்பது படிப்படியாகத் தெரியட்டும்.

மறுமொழி 3

தாமதக் கட்டணம் வேண்டவே வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காக்கவைக்கிறோமே என்ற உறுத்தல் இருந்த இடத்தில் ஒரு விலை வந்து அமர்ந்துவிட்டது. நண்பர்களிடையே இது இன்னும் கெடுதல் செய்யும், ஏனெனில் கட்டணம் கட்டியவர் தன் கடமை முடிந்தது என்று கருதிவிடுவார்.

புள்ளிகளும் எனக்கு உடன்பாடில்லை. யார் முதலில் செலுத்தினார் என்ற தரவரிசை, அந்த மாதம் யாருக்குக் கையில் பணம் இல்லை என்பதைக் குழு முழுவதற்கும் அறிவிக்கும் பட்டியலாகவே முடியும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கட்டணத்தையும் புள்ளிகளையும் கைவிடப் பரிந்துரைப்பேன். இன்னும் ஒரு சிக்கல் உள்ளது. சிலர் பணத்துக்குப் பதிலாக உழைப்பைத் தருகிறார்கள்: சமைப்பது, வண்டி ஓட்டுவது, பயண ஏற்பாடுகளைச் செய்வது. கணக்கில் இது தெரியாததால் மனக்குறை வருகிறது. உழைப்புக்கும் ஒரு தொகை வைக்கலாமா?

மறுமொழி 1

தொகை வைக்காதீர்கள், ஆனால் பதிய இடம் கொடுங்கள். மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979இல் கணவன் மனைவியரிடம் வீட்டுப் பொறுப்புகளில் தங்கள் பங்கைத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னபோது, இருவரின் மதிப்பீடுகளையும் கூட்டினால் பெரும்பாலும் முழுமையைத் தாண்டியது. அவரவர் செய்தது அவரவருக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது என்பதே அவர்கள் தந்த முதன்மையான விளக்கம். விலை வைத்தால் அந்த மதிப்பீடுகள் மோதிக்கொள்ளும்; செலவுப் பதிவின் அருகில் 'சமைத்தவர்', 'வண்டி ஓட்டியவர்' என்று ஒரு வரி இருந்தால், மற்றவர் செய்ததும் எல்லோர் கண்ணிலும் படும். அந்த வரியைச் செய்தவரே எழுத வேண்டியதில்லை, குழுவில் எவரும் சேர்க்கலாம் என்று வையுங்கள்.

மறுவடிவமைப்பு பயன் தந்ததா என்று அளக்கும்போது, செயலி எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். கணக்குத் தீர்ந்த பிறகு அதே குழு அடுத்த செலவையும் ஒன்றாகப் பதிகிறதா என்று பாருங்கள்.