புதுப்பிப்பு: செவலையின் முன்னங்கால் எக்ஸ்ரே

காரைக்குடியில் எங்கள் செவலைக் குதிரை நொண்டுகிறது, குளம்புக்கு மேலுள்ள மூட்டு வீங்கியிருக்கிறது, எக்ஸ்ரேயிலோ முறிவு தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன்.

முறிவு இருக்கிறது. மயிரிழை விரிசல் சில சமயம் முதல் நாள் படத்தில் தெரியாது. 10 முதல் 14 நாட்களில் அதன் ஓரத்து எலும்பு கரைந்த பிறகே கோடு புலப்படும். லாயத்திலேயே கட்டிவைத்துக் காத்திருந்தோம்.

நேற்று கருப்பட்டியைக் காட்டி அசையாமல் நிற்கவைத்து, முன்பக்கம், பக்கவாட்டு, இரண்டு சாய்கோணங்கள் என நான்கு படங்கள் எடுத்தோம். மூட்டின் பின்னாலுள்ள இரண்டு சிற்றெலும்புகள் பக்கவாட்டுப் படத்தில் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. சாய்கோணப் படத்தில்தான் நகக்கீறல் போல அந்தக் கருங்கோடு! முதல் முறை இரண்டு படங்களோடு நிறுத்தியது பெரும் பிழை. நீங்கள் நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த எலும்பைப் பற்றியிருக்கும் தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. அடுத்து ஸ்கேன்.