எங்கள் தெரு குழு: ரெடிமிக்ஸ் ஆலை விசாரணை

அட்மின்: எல்லோருக்கும் வணக்கம். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும், கான்கிரீட் கலந்து லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். இன்னொரு சிமென்ட் சைலோ (சிமென்ட் சேமிக்கும் உயரமான தொட்டி), இன்னொரு கலவை இயந்திரம், இரவு வேலை. நில உபயோக விசாரணை வருகிற வியாழக்கிழமை. அறிவிப்பின் படம் மேலே இருக்கிறது. பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

எதிர்வீட்டுத் தம்பி: நான் வருகிறேன். ஒரே வார்த்தைதான். வேண்டாம்.

டீச்சர் அக்கா: என் பெயரையும் போடுங்கள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மதியம் தொட்டால் விரலில் சாம்பல் நிறமாக ஒட்டுகிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாடிவீட்டு அண்ணி: (பலமுறை பகிரப்பட்ட செய்தி) கான்கிரீட் ஆலைக்குப் பக்கத்தில் வசிக்கும் அனைவருக்கும் புற்றுநோய் நிச்சயம்!! உடனே பகிரவும்!!

மூலைவீட்டு மாமா: இதை அங்கே கொண்டுபோகாதே அம்மா. ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்கள். சொல்ல உண்மையான விஷயமே இருக்கிறது. மணல், ஜல்லித் தூசியில் வரும் படிக சிலிக்காவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. டீசல் புகையை 2012-ல். ஆனால் அந்த ஆதாரமெல்லாம் பெரும்பாலும் வேலையிடத்தில் வருடக்கணக்காகச் சுவாசித்தவர்களிடமிருந்து வந்தது. நம் வீட்டு வாசலில் எவ்வளவு தூசி என்று யாரும் அளக்கவில்லை. அளக்கச் சொல்வோம்.

மாடிவீட்டு அண்ணி: சரி மாமா. எடுத்துவிட்டேன்.

கடைசி வீட்டு அண்ணன்: நான் ஒன்று சொல்லலாமா? பெரியவன் அங்கேதான் மிக்சர் லாரி ஓட்டுகிறான், எல்லோருக்கும் தெரியும். கலவை ஏறியதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கமான கணக்கு. அதனால்தான் ஆலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யாரும் வேண்டுமென்றே நம் தலைமேல் கொண்டுவந்து வைக்கவில்லை.

எதிர்வீட்டுத் தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அட்மின்: நீக்கியது நல்லது தம்பி. ஆனால் அண்ணன் படித்துவிட்டார்.

எதிர்வீட்டுத் தம்பி: மன்னித்துவிடுங்கள் அண்ணா. தூக்கம் கெட்ட கோபம்.

கடைசி வீட்டு அண்ணன்: பரவாயில்லை. எனக்கும் தூக்கம் இல்லை.

மூலைவீட்டு மாமா: அவர்கள் தாக்கல் செய்த ஒலி அறிக்கையைப் படித்தேன். இரண்டாவது இயந்திரம் வந்தால் 3 டெசிபல்தான் கூடும் என்கிறது. அது சரியான கணக்குதான். ஒரே மாதிரி இரண்டு இயந்திரம் ஓடினால் 3 டெசிபல்தான் ஏறும், ஏனென்றால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பானாலும் அந்த அளவுகோலில் அவ்வளவுதான். அதற்காக நாம் போய் ‘சத்தம் இரண்டு மடங்கு’ என்று சொல்லக் கூடாது. சுமார் 10 டெசிபல் கூடினால்தான் காது அப்படி உணரும். பிடிக்க வேண்டியது வேறு இடம். அறிக்கை முழுக்க 24 மணி நேரச் சராசரி. பகல் போக்குவரத்துச் சத்தத்தோடு சேர்த்தால் விடியற்காலைச் சத்தம் அதில் கரைந்துவிடும்.

டீச்சர் அக்கா: என் மாமியார் சராசரியிலா கேட்கிறார்? விடிவதற்கு முன்னாலேயே லாரி பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

மூலைவீட்டு மாமா: அதைத்தான் நீ பேச வேண்டும். இரவுச் சத்தத்தைத் தனியாக அளக்கட்டும், உச்சத்தையும் எழுதட்டும். ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்ன இரவு அளவு, வீட்டுக்கு வெளியே 40 டெசிபல். நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை, ஆனால் ஒப்பிடுவதற்கு உதவும்.

எதிர்வீட்டுத் தம்பி: மாமா, நீங்கள் ‘வேண்டாம்’ என்றே சொல்லப் போவதில்லையா?

மூலைவீட்டு மாமா: சொல்வேன். இரவு வேலைக்கு. மற்றதற்கு, ‘கொடுப்பதாக இருந்தால் இந்த நிபந்தனைகளோடு கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுப்பேன். கை தூக்கியவர்களை எண்ணி முடிவெடுக்க இது தேர்தல் இல்லை தம்பி. ஆணையில் எழுத்தாக இருந்தால்தான் நாளைக்கு மீறும்போது நாம் கேட்க முடியும். லாரி வாசல் எந்தப் பக்கம், எந்த மணி முதல் எந்த மணி வரை, சைலோ உச்சியில் ஃபில்டர், வெளியே போகும் லாரிக்குச் சக்கரம் கழுவும் தொட்டி. எல்லாவற்றையும் போட வேண்டும்.

மாடிவீட்டு அண்ணி: சாலையை விட்டுவிட்டீர்களே! திருப்பத்தில் பள்ளம்.

மூலைவீட்டு மாமா: ஆமாம். வண்டியின் சக்கர அச்சு மீது பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது சாலைப் பொறியாளர்கள் வெகுகாலமாகச் சொல்லும் கணக்கு. கார்கள் கெடுத்தன என்று சாக்குச் சொல்ல முடியாது. முதலில் பழைய அனுமதியின் நகலை வாங்க வேண்டும். அதில் போட்ட நிபந்தனைகளை இத்தனை வருடம் கடைப்பிடித்தார்களா என்று பார்த்தாலே பாதி வாதம் கிடைத்துவிடும்.

அட்மின்: நகலுக்கு நாளைக்கே விண்ணப்பம் போடுகிறேன். வீட்டு விலை குறையும் என்று பேச இரண்டு பேர் கேட்டார்கள். கையில் ஆதாரம் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

கடைசி வீட்டு அண்ணன்: பெரியவனிடம் இப்போது கேட்டேன். அந்தப் பீப்புக்குப் பதிலாக ‘ஷ்ஷ்’ என்று ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி கிடைக்கிறதாம். பின்னால் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும், தூரத்தில் அவ்வளவு துளைக்காது. இரண்டு வாசல் வைத்து உள்ளே சுற்றி வர வழி விட்டால் லாரியைப் பின்னால் எடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காதாம். இரண்டையும் நிபந்தனையில் சேருங்கள் மாமா. யார் சொன்னது என்று மட்டும் எழுத வேண்டாம்.

மூலைவீட்டு மாமா: சேர்த்தாயிற்று. பெயர் வராது.