மாதக் கடைசியில் மட்டும் படுத்துக்கொள்ளும் டேட்டாபேஸ்: ஈஆர்பி டிபிஏக்களின் அனுபவங்கள்

தொடங்கியவர், ஆரக்கிள் டிபிஏ

ஈஆர்பி (கணக்கு, சரக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் நிறுவன மென்பொருள்) டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி, நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்களை அதிகம் அலையவிட்ட பிரச்சினை எது? அதன் வேர் கடைசியில் எங்கே இருந்தது? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரக்கிளின் ஈஆர்பியான இ-பிசினஸ் சூட் ஓடும் இடம். பொதுப் பேரேட்டுக்கான ஜர்னல் இம்போர்ட், அதாவது கணக்குப் பதிவுகளைப் பேரேட்டில் ஏற்றும் வேலை, மாதம் முழுக்க ஒழுங்காக ஓடும். மாதக் கணக்கு முடிக்கும் இரவில் மட்டும் சில சமயம் விடிய விடிய இழுக்கும். எல்லா மாதமும் இல்லை என்பதுதான் குழப்பமே. சிபியு சும்மா இருக்கிறது, மெமரி தாராளமாக இருக்கிறது, டிஸ்க்கும் வழக்கமான வேகத்தில்தான் பதில் தருகிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் யாராவது சர்வரைப் பெரிதாக்கச் சொல்வார்கள்.

நல்ல மாதத்தையும் கெட்ட மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஆரக்கிளின் செயல்திறன் பதிவேடான ஏடபிள்யுஆரைத் திறந்தேன். இயல்பாக அது 8 நாள் வரலாற்றைத்தான் வைத்திருக்கும், மாதாந்திர வேலையை ஒப்பிட அது எதற்கும் காணாது. அங்கே 45 நாளாக நீட்டி வைத்திருந்தார்கள். ஈஆர்பி பார்க்கும் எல்லோரும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்பேன். பார்த்தால், குவெரி ஒன்றுதான், அதை நிறைவேற்றும் வழியான பிளான் இரண்டு. கெட்ட மாதத்து பிளானில் ஜிஎல்_இன்டர்ஃபேஸ் டேபிளில் ஒரே ஒரு வரிசை (ரோ) இருப்பதாக, பிளானைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர் நினைத்திருக்கிறது. உண்மையில் இருந்ததோ பல லட்சம்.

அந்த டேபிள் ஒரு காத்திருப்பு அறை மாதிரி. துணை மாட்யூல்களிலிருந்து பதிவுகள் வந்து நிற்கும், இம்போர்ட் அவற்றைப் பேரேட்டுக்கு எடுத்துச் சென்றதும் டேபிள் காலியாகிவிடும். டேபிளில் எவ்வளவு இருக்கிறது என்று ஆப்டிமைசருக்குச் சொல்வது ஸ்டாட்ஸ். அதை எடுக்கும் ஆரக்கிளின் தானியங்கி ஜாப் வேலைநாட்களில் இரவு 10 மணிக்குத் திறக்கும் நான்கு மணி நேரச் சாளரத்தில் ஓடும். அது எட்டிப்பார்க்கும்போது டேபிள் காலியாக இருந்தால் 'பூஜ்யம்' என்று எழுதி வைத்துவிடும். ஸ்டாட்ஸே இல்லாத டேபிளாக இருந்தால் ஆரக்கிள் குவெரியை அலசும்போது தானே மாதிரி எடுத்துப் பார்த்துக்கொள்ளும். பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பிவிடும். அதனால் தவறான ஸ்டாட்ஸ், ஸ்டாட்ஸ் இல்லாமையைவிட மோசம்.

சரி, ஏன் சில மாதம் மட்டும்? இதற்கு விடை எந்த அறிக்கையிலும் இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்கா மணிவாரியாகச் சொன்னார். முதல் சுற்று இரவு 9 மணிக்குள் முடிந்துவிட்டால் டேபிள் காலி, இரண்டாம் சுற்று நள்ளிரவுக்கு மேல் வரும். முதல் சுற்று தாமதமானால் 10 மணிக்கு டேபிளில் சரக்கு நிற்கும். ஆக, கணக்குப் பிரிவு சுறுசுறுப்பாக வேலை செய்த மாதங்களில்தான் டேட்டாபேஸ் படுத்திருக்கிறது!

அன்றிரவுக்கு, பழைய ஸ்டாட்ஸைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆரக்கிள் அதை இயல்பாக 31 நாள் வைத்திருக்கும், ரீஸ்டோர் செய்ய ஒரு வரி போதும். ஏற்கெனவே கெட்ட பிளானோடு கேஷில் இருந்த கர்சரைக் கழற்றிவிட்டதும் அடுத்த ஓட்டம் சரியானது. நிரந்தரத் தீர்வாக, டேபிள் நிறைந்திருக்கும் நேரத்தில் ஸ்டாட்ஸ் எடுத்துப் பூட்டினோம். தானியங்கி ஜாபையும் அணைத்தோம். இ-பிசினஸ் சூட்டுக்கென்று எஃப்என்டி_ஸ்டாட்ஸ் என்ற தனி ஸ்டாட்ஸ் கருவி இருக்கும்போது அந்த ஜாப் அங்கே ஓடவே கூடாது.

மறுமொழி, எஸ்ஏபி பேசிஸ் (எஸ்ஏபி ஈஆர்பியின் தொழில்நுட்ப நிர்வாகி)

உங்கள் அக்கா சொன்ன பதில் மாதிரி எனக்கும் ஒன்று கிடைத்தது, ஆனால் ஆடிட்டரிடமிருந்து.

பில்லிங் ரன் மெதுவாக இருக்கிறது என்று இணையாக ஓடும் ஜாப்களை அதிகமாக்கினார்கள். இரட்டிப்பாக்கியும் முடியும் நேரம் அப்படியே இருந்தது. டேட்டாபேஸில் பார்த்தால் அத்தனை ஜாபும் என்ஆர்ஐவி டேபிளில் ஒரே ஒரு வரிசைக்காக க்யூவில் நிற்கின்றன. ஆவணங்களுக்கு அடுத்த எண் எது என்பதை எஸ்ஏபி அங்கேதான் வைத்திருக்கிறது. எண்ணை எடுக்கும் ஜாப் அந்த வரிசையைப் பூட்டும், தன் காமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது) வரும்வரை விடாது. எத்தனை ஜாப் போட்டாலும் அந்த இடத்தில் ஒற்றையடிப் பாதைதான்.

பஃபரிங் போட்டால் ஒவ்வொரு அப்ளிகேஷன் சர்வரும் ஒரு கட்டு எண்ணை மொத்தமாக மெமரிக்கு எடுத்துக்கொள்ளும், பூட்டுக்கு வேலையே இல்லை. ஆனால் சர்வர் நின்று எழுந்தால் பயன்படுத்தாத எண்கள் போய்விடும், எண் தொடரில் ஓட்டை விழும். கணக்கு ஆவண எண்களில் ஓட்டை இருக்கக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அதனால்தான் ஆர்எஃப்_பெலெக் என்ற எண் வரம்பை எஸ்ஏபி பஃபர் செய்யாமல் தருகிறது. அதை நள்ளிரவில் ஒரு டிபிஏ தானாக மாற்றிவிட்டால் ஜாப் பறக்கும், ஆண்டுக் கடைசியில் காணாமல்போன எண்களுக்கு நிதிப் பிரிவு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும். பயன்பாட்டின் ஆளிடம் கேட்காமல் இதில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாங்கள் செய்தது: ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்று ஆடிட்டர் எழுதிக்கொடுத்த ஆவண வகைகளுக்கு மட்டும் பஃபரிங். மற்றவற்றில் கம்பெனி கோடு (ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ள குறியீடு) வாரியாக ஜாப்களைப் பிரித்தோம். என்ஆர்ஐவியில் கம்பெனி கோடுக்குத் தனி வரிசை உண்டு, அதனால் ஒன்றின் பூட்டு இன்னொன்றைத் தொடாது. அப்புறம்தான் இணை ஜாப்களுக்கு அர்த்தமே வந்தது.

தொடங்கியவர்

அருமை. அந்தக் காத்திருப்பு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஆரக்கிளாக இருந்தால் 'ரோ லாக் கன்டென்ஷன்' என்று வரும்.

எஸ்ஏபி பேசிஸ்

அதேதான், சார். அதில் ஆப்ஜெக்ட் எண்ணை எடுத்து எந்த டேபிள் என்று பார்த்தபோதுதான் என்ஆர்ஐவி என்று தெரிந்தது. அதுவரை எல்லோரும் பில்லிங் டேபிள்களில் இண்டெக்ஸ் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறுமொழி, போஸ்ட்கிரஸ் நிர்வாகி

நான் பார்ப்பது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் மேல் ஓடும் ஈஆர்பி. சரக்கு நகர்வு டேபிள் வாரா வாரம் வீங்கிக்கொண்டே போனது. தேவையற்ற பழைய வரிசைகளைத் துடைக்கும் ஆட்டோவாக்யூம் ஓடுகிறது என்று லாக் சொல்கிறது, ஆனால் செத்த வரிசைகள் அப்படியே கிடக்கின்றன. 'இன்னும் நீக்க முடியாது' என்ற வரி மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் பெரிய எண்ணோடு வரும்.

இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில், ஒவ்வொன்றும் எவ்வளவு பழைய பார்வையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் பேக்எண்ட்_எக்ஸ்மின் பத்தியைப் பார்த்ததும் ஆள் அகப்பட்டது. ஒரு ரிப்போர்ட் கருவி, ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் (தொடக்கத்தில் இருந்த தரவையே கடைசிவரை காட்டும் நிலை) டிரான்சாக்‌ஷனைத் திறந்து, குவெரி முடிந்த பிறகும் மூடாமல் நாள் கணக்கில் வைத்திருக்கிறது. அந்தப் பழைய பார்வைக்கு எந்த வரிசை தேவைப்படுமோ என்று வாக்யூம் ஒன்றையும் தொட முடியவில்லை. அந்த நிலையைக் கேட்டு வாங்கியது நிர்வாக அறிக்கைக் குழு. முதல் பக்கத்து மொத்தமும் கடைசிப் பக்கத்து மொத்தமும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர்கள் தேவை, அது நியாயமும்கூட. ரிப்போர்ட்டைப் பிரதி டேட்டாபேஸான ரெப்ளிகாவுக்கு நகர்த்தி, மெயின் டேட்டாபேஸில் சும்மா நிற்கும் டிரான்சாக்‌ஷனுக்கு நேரக்கெடு போட்டோம். போஸ்ட்கிரஸ் 9.6 முதலே அந்த அமைப்பு இருக்கிறது, ஆனால் இயல்பில் அணைந்தே இருக்கும். ரெப்ளிகாவில் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓடினால் ரெப்ளிகாவில் திறந்த டிரான்சாக்‌ஷனே மெயினில் வாக்யூமைத் தடுக்கும்.

மறுமொழி, பேக்கப் பொறுப்பில் இருப்பவர்

நான் சொல்வது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மதியம் 12 மணிக்கு சப்ளையர் விவரங்களை மொத்தமாக ஏற்றினார்கள். கோப்பில் ஒரு பத்தி தள்ளிப்போய், கட்டண நிபந்தனைகள் ஒருவருடையது இன்னொருவருக்கு விழுந்துவிட்டது. கண்டுபிடித்தபோது மணி மூன்று. உடனே மேலிடத்திலிருந்து, "12 மணிக்கு முன்னால் இருந்த நிலைக்கு டேட்டாபேஸைத் திருப்புங்கள்" என்று உத்தரவு.

தொழில்நுட்பமாக முடியும். பின்னால் திருப்பும் ஃப்ளாஷ்பேக் டேட்டாபேஸ் வசதி இருந்தது, மாற்றங்களின் பதிவான ஆர்க்கைவ் லாக் எல்லாம் முழுமையாக இருந்தன. ஆனாலும் முடியாது என்று சொன்னேன். இடையில் அந்த மூன்று மணி நேரத்தில் நடந்ததை யோசியுங்கள். ஒரு மணிக்கு வங்கிக்குப் பணம் செலுத்தும் கோப்பு போய்விட்டது. டேட்டாபேஸைப் பின்னால் தள்ளினால் அந்தப் பில்கள் எல்லாம் கட்டப்படாதவையாகத் தெரியும், மாலை ரன்னில் மறுபடியும் பணம் போகும். கிடங்கு மென்பொருள் தனி டேட்டாபேஸ், அதற்கு இந்தத் திருப்பம் தெரியாது. வண்டி ஏறிப்போன சரக்கு ஈஆர்பியில் மட்டும் இருப்பில் நிற்கும். வாடிக்கையாளர் கையில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணே இன்னொருவருக்குத் திரும்பவும் போகும். டேட்டாபேஸ் தன்னளவில் சுத்தமாக இருக்கும், நிறுவனத்தின் கணக்கு குட்டிச்சுவராகிவிடும்.

இதை நிதி மேலாளரிடம் விளக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வங்கிக் கோப்பு என்ற ஒரு சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆகவே இப்படிப்பட்ட முடிவைத் தொழில்நுட்ப அறைக்குள்ளேயே எடுக்காதீர்கள்.

முதலில் டேபிளின் பழைய நிலையைக் காட்டும் ஃப்ளாஷ்பேக் குவெரி முயன்றோம், 'ஸ்னாப்ஷாட் டூ ஓல்ட்' என்று 1555 பிழை வந்தது. அவ்வளவு நேரத்து அன்டூ (பழைய மதிப்புகள்) தங்கியிருக்கவில்லை. அடுத்து, இன்னொரு சர்வரில் பேக்கப்பை 11:55 வரை ரெக்கவர் செய்ய முடிவெடுத்தோம். ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் 12சி பதிப்பு முதல் ரெக்கவர் டேபிள் கட்டளை உண்டு. அதுவும் உள்ளுக்குள் துணை இன்ஸ்டன்ஸ் ஒன்றை எழுப்பி, டேபிள் இருக்கும் டேபிள்ஸ்பேஸை (சேமிப்புப் பகுதி) முழுதாக ரீஸ்டோர் செய்துதான் எடுக்கிறது. எங்கள் ஈஆர்பியில் பரிவர்த்தனை டேபிள்கள் பெரும்பாலும் ஒரே ராட்சத டேபிள்ஸ்பேஸில் இருப்பதால் நேரம் மிச்சமாகவில்லை.

அதைவிட அதிகம் தவிக்கவைத்தது என்கிரிப்ஷன் வாலெட், அதாவது மறையாக்கச் சாவிகள் இருக்கும் பெட்டி. அது பேக்கப்போடு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது சரியான விதி. ஆனால் புது சர்வரில் அதைத் திறக்க அனுமதி உள்ளவர் யார் என்று யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. ரீஸ்டோர் ஒத்திகை என்று மாதாமாதம் நடந்தது எல்லாம் அதே சர்வரில் ஆர்மேனின் வேலிடேட் கட்டளை ஓட்டியதுதான். அது பிளாக்குகள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கும், அவ்வளவே. வேறு சர்வரில், வாலெட்டோடு, பயன்பாடு திறக்கும்வரை போனால்தான் அதை ஒத்திகை என்று நான் ஒத்துக்கொள்வேன்.

பழைய கட்டண நிபந்தனைகள் கிடைத்ததும் நேரடியாக அப்டேட் எழுத விடவில்லை. ஃபங்ஷனல் குழு (ஈஆர்பியின் வணிகப் பக்கத்தைப் பார்ப்பவர்கள்) ஈஆர்பியின் சொந்த இன்டர்ஃபேஸ் வழியாகவே திருத்தியது. மாற்றத்தின் தடயம் இருக்க வேண்டும், அதோடு அந்தப் புலத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை டேபிள்கள் தொங்குகின்றன என்று எஸ்க்யுஎல் எழுதுகிறவருக்குத் தெரியாது.

மறுமொழி, இ-பிசினஸ் சூட் குளோனிங் பார்ப்பவர்

சின்னதாக ஒன்று. புரொடக்‌ஷனைப் பிரதியெடுத்து டெஸ்ட் தயாரித்த ஓரிடத்தில், எழுந்த கொஞ்ச நேரத்தில் நிஜ மேலாளர்களுக்கு ஒப்புதல் கேட்டு மெயில்கள் போக ஆரம்பித்தன. சிலர் ஒப்புதலும் கொடுத்துவிட்டார்கள், டெஸ்டில்! நிஜத்தில் அந்த விண்ணப்பங்கள் அப்படியே நின்றன. டபிள்யுஎஃப்_நோட்டிஃபிகேஷன்ஸ் டேபிளில் அனுப்பக் காத்திருந்த வரிசைகள் பிரதியோடு சேர்ந்தே வந்துவிட்டதுதான் காரணம்.

இப்போது எங்கள் குளோன் ஸ்கிரிப்ட் டேட்டாபேஸை ரெஸ்ட்ரிக்டட் நிலையில் (நிர்வாகிகள் மட்டும் நுழையும்படி) திறக்கும். காத்திருக்கும் மெயில்களின் நிலையை 'சென்ட்' (அனுப்பியாயிற்று) என்று மாற்றும், நோட்டிஃபிகேஷன் க்யூவை மறுபடி கட்டும், மெயிலரின் திசைதிருப்பும் முகவரியை டெஸ்ட் குழுவின் பெட்டிக்கு மாற்றும், வங்கிக்கும் பிற மென்பொருள்களுக்கும் போகும் டேட்டாபேஸ் லிங்க்குகளை அழிக்கும், நேரம் குறித்து வைத்த கன்கரன்ட் ரிக்வெஸ்ட்களை நிறுத்தி வைக்கும். இவ்வளவும் முடிந்த பிறகே, அந்தப் பின்னணி வேலைகளை ஓட்டும் கன்கரன்ட் மேனேஜரை ஏற்றுகிறோம். முந்திக்கொண்டு ஏற்றினால், பணம் செலுத்தும் ரன் ஏதாவது நேரம் தாண்டிக் காத்திருந்தால் முதல் வேலையாக அதுதான் ஓடும்.