லயன் வீட்டுப் படமும் அந்தக் குடமும்

பழைய ரோல்: கூடலூர் பக்கம் எடுத்த லயன் வீட்டு (தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க வரிசையாக் குடியிருக்கிற வீடு) படத்தை 'ஆவணம்'னு ஆளாளுக்குப் பகிர்றீங்க. வாசல்ல இருக்கிற நீலக் குடத்தைப் பாருங்க. வெளிச்சத்துக்காக ரெண்டடி நகர்த்தினேன்னு எடுத்தவரே சொல்லிட்டார். அப்புறம் என்ன ஆவணம்? செட்டப்!

தேயிலைக்காடு: அண்ணா, உங்க கண்ணுக்குக் குடம் மட்டும்தான் பட்டுச்சா? தகரம் பறக்காம இருக்க மேல கல்லு ஏத்தியிருக்கு. ஒழுகுற இடத்துல தார்ப்பாய். அடுப்புப் புகையில உத்தரமே கரியாக் கெடக்கு. அதையும் அவரா பூசினாரு? தோட்டத் தொழிலாளிக்கு வீடு குடுக்கணும்னு சட்டம் வந்தது 1951ல. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல சிலோன்லருந்து கப்பலேறி வந்த எங்க தாத்தாவுக்குக் கிடைச்சதும் இப்படி ஒரு காம்பராதான், ஒத்த அறை.

பழைய ரோல்: தாத்தா கதை வேற. குடம் நகர்ந்துச்சா, இல்லையா?

குன்னூர் ரயில்: 1936ல அமெரிக்காவுல ஆர்தர் ராத்ஸ்டைன் வறட்சியைப் படமெடுக்கப் போனப்ப மாட்டு மண்டையோட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சு எடுத்தாரு. தேர்தல் நேரம். அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காத பத்திரிகைங்க போலி, போலின்னு குதிச்சுது. வறட்சியுமா போலி?

பழைய ரோல்: எனக்கே சாட்சி சொல்லிட்டீங்க, நன்றி. நகர்த்தினதாலதான் பேர் கெட்டுச்சு.

தேயிலைக்காடு: கெடுத்தது மண்டையோடு இல்ல, விவசாயிக்கு அரசு உதவி போறது பிடிக்காதவங்க. ஜேக்கப் ரீஸ் நியூயார்க்ல ஏழைங்க குடியிருந்த அறைக்குள்ள ராத்திரி புகுந்து ஃபிளாஷ் பவுடர் கொளுத்தி எடுத்தாரு. முறையில்லதான். ஆனா 1901ல அங்க குடியிருப்புச் சட்டம் வந்ததுல அந்தப் படங்களுக்கும் பங்கு இருக்கு.

ஊட்டிக் குளிர்: அக்கா, 1936ல அமெரிக்காவுல கூலிக்காரங்க முகாம்ல டொரோதியா லாங் எடுத்த படத்துல இருந்த அந்த ஏழைத் தாய்க்கு என்ன கிடைச்சுது? முகாமுக்குச் சாப்பாடு வந்தப்ப அவங்க கிளம்பியே போயிட்டாங்க. சல்லிக்காசு வரலைன்னு பின்னாடி அவங்களே நொந்துக்கிட்டாங்க. நம்ம படத்துல இருக்கிற அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?

பழைய ரோல்: அதுக்கும் முன்னாடி குடம். நாளைக்குத் தோட்ட நிர்வாகம் இதையே காட்டி எல்லாப் படமும் செட்டப்னு தள்ளிவிடும்.

தேயிலைக்காடு: நீங்களே எழுதிக் குடுத்துருவீங்க போல. போன வருஷம் தோடர் மந்துல, அதான் அவங்க குடியிருப்புல, பெரியவரைப் பூத்துக்குளிச் சால்வை போத்தி நிக்கச் சொல்லி எடுத்தீங்களே, அன்னிக்கு எங்க போச்சு இந்த நேர்மை?

பழைய ரோல்: அது போர்ட்ரெய்ட். பரிசு வாங்கினேன், அதான் இன்னும் எரியுது.

குன்னூர் ரயில்: குடுத்ததே உங்க சங்கம்தானே சார்.

பழைய ரோல்: சங்கத்தை இழுக்காதீங்க!

தேயிலைக்காடு: ஜூன் மழையில அந்தத் தகரத்துக்குக் கீழ ஒரு வாரம் படுத்துப் பாருங்க. எங்கெல்லாம் ஒழுகுதோ அங்கெல்லாம் நாங்களே குடத்தை நகர்த்துவோம்.

பழைய ரோல்: நகர்த்தினது நீங்களா, கேமராக்காரரா? அதான் கேள்வி. சங்கத்தைப் பத்திப் பேசினவர் முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும்.